வீட்டில் ஆடு, மாடு அறுத்தபின் கழிவை என்ன செய்வது? புதைப்பதா, மட்க வைப்பதா, எடுத்துப் போகச் சொல்வதா?

வீட்டுத் தேவைக்கு ஒரு ஆட்டையோ பன்றியையோ மாட்டையோ அறுப்பவர்கள் கறியை எப்படி வெட்டுவது, எங்கே வைப்பது, யார் யாருக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துவிடுகிறார்கள். கழிவைப் பற்றிய யோசனை மட்டும் அன்று மாலை, ஈ மொய்க்க ஆரம்பித்த பிறகுதான் வருகிறது. "புதைச்சுடலாமா, குப்பைக்காரர் எடுப்பாரா, உரம் பண்ணலாம்னு சொல்றாங்களே" என்று கேள்விகள் வருவதும் அந்த நேரத்தில்தான். அப்போது கையில் இருப்பது ஒரே வழி, அநேகமாகச் சட்டப்படி தப்பான வழி.

எவ்வளவு கழிவு வரும் என்பதே பலருக்குத் தெரியாது. ஆட்டில் உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் உரித்த உடலாக நிற்கும். 40 கிலோ ஆடு என்றால் சுமார் 20 கிலோ வேறு எங்கோ போயாக வேண்டும்: குடலும் அதற்குள் இருப்பதும் மட்டும் எட்டு பத்து கிலோ, தோல் மூன்று கிலோ அளவில், அப்புறம் தலை, கால், ரத்தம். இதில் ஈரல், இதயம் என்று சாப்பிட எடுப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள். மாட்டில் கதையே வேறு. 400 கிலோ மாட்டில் இரைப்பைக்குள் இருக்கும் அரைத்த தீவனமே 50 கிலோவைத் தாண்டும், ரத்தம் ஒரு பெரிய வாளி நிறையும், தலையை ஒரு ஆள் தூக்கச் சிரமப்படுவார். பன்றியில் தோலோடு சுத்தம் செய்தால் 70 முதல் 75 சதவீதம் வரை உடலாகத் தங்கிவிடுவதால் கழிவு குறைவு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது நல்ல ஆரோக்கியத்தோடு இருந்து, நாமே அறுத்த கால்நடையின் கழிவைப் பற்றி மட்டும். தானாகச் செத்த கால்நடை, திடீரென்று விழுந்தது, மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் வந்தது, இவற்றைக் கத்தியால் தொடவே கூடாது. ஆந்த்ராக்ஸ் போன்ற நோயின் வித்துகள் உடலைத் திறந்தால் பரவும், மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அங்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு எதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

எதை வைத்துப் பார்ப்பது

முதல் அளவுகோல் சட்டம். சொல்லவே வேண்டாம் என்று தோன்றும், ஆனால் இதில்தான் அதிகக் குழப்பம். "என் இடம், என் ஆடு" என்பது அறுப்பதற்கு வேண்டுமானால் சில ஊர்களில் பொருந்தும், கழிவுக்குப் பொருந்தாது. அறுக்க அனுமதிக்கும் சட்டமும் கழிவைக் கட்டுப்படுத்தும் சட்டமும் பெரும்பாலும் தனித்தனி, கவனிக்கிற அலுவலகமும் தனித்தனி. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் பண்ணைக்குள்ளேயே புதைக்கும் பழக்கத்தை 2003-லிருந்து நிறுத்திவிட்டார்கள், எட்டாத தீவுகள், மலைப் பகுதிகள் போன்ற சில இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: ஒரு மாநிலத்தில் மட்க வைப்பது சரி, பக்கத்தில் கூடாது. ஆகவே வேறு நாட்டுக்காரர் போட்ட வீடியோவைப் பார்த்துச் செய்தால் செய்முறை சரியாக இருக்கும், அபராதம் உங்களுக்கு வரும்.

இரண்டாவது, என்ன கால்நடை, என்ன வயது. 'மேட் கவ்' என்று செய்திகளில் அடிபட்டதே, அந்த நோய்க்குக் காரணமான பிரியான் என்ற புரதம் மூளை, தண்டுவடம், கண் போன்ற பகுதிகளில்தான் சேர்கிறது. 1986-இல் பிரிட்டனில் இந்த நோய் அடையாளம் காணப்பட்டது. அது மனிதருக்கும் தொற்றுகிறது என்று 1996-இல் தெரிந்த பிறகு சட்டங்கள் இறுகிவிட்டன. ஐரோப்பிய விதியில் 12 மாதம் தாண்டிய மாட்டின் மண்டையோடு, மூளை, கண், தண்டுவடம் எல்லாம் தனியாகப் பிரித்து, சாயம் பூசி, எரிக்கும் நிலையத்துக்குப் போக வேண்டிய ஆபத்துப் பகுதிகள். 12 மாதம் தாண்டிய செம்மறி, வெள்ளாடுகளுக்கும் இதே கட்டுப்பாடு. அமெரிக்காவில் மாட்டுக்கு 30 மாதம் என்று கோடு போட்டிருக்கிறார்கள். உங்கள் நாட்டில் கோடு எங்கே இருந்தாலும், வயது தெரியாத மாட்டை வயதான மாடாகவே வைத்துக்கொள்வது நல்லது. பிரியான் மட்கினாலும் சாகாது, புதைத்தாலும் சாகாது. நோயுற்ற மூளைத் திசுவை மூன்று வருடம் மண்ணில் புதைத்து வைத்து எடுத்துப் பார்த்தும் தொற்றும் தன்மை மிச்சம் இருந்ததாக 1991-இல் ஓர் ஆய்வு வெளியானது.

மூன்றாவது, உங்கள் நிலமும் தண்ணீரும். கிணறு எவ்வளவு தூரம், மழைக்காலத்தில் நீர்மட்டம் எவ்வளவு மேலே வருகிறது, மண் களியா மணலா, பக்கத்து வீடு எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம்.

நான்காவது, நேரம். வெயில் காலத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு. குளிர் இடமோ உறைபெட்டியோ இல்லாதவருக்கு "மூன்று நாளில் வண்டி வரும்" என்பது வழியே இல்லை.

ஐந்தாவது செலவு. கொடுக்கும் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். குழி வெட்டும் கூலி, மட்க வைக்கத் தேவையான மரச்சில்லு ஏற்றிவரும் வண்டி, மூடி உள்ள தொட்டி, அரை நாள் சம்பளம், பின்னால் நிலத்தை விற்கும்போது வாங்குபவர் கேட்கும் கேள்வி, எல்லாமே செலவுதான்.

ஒரே குவியலாகப் பார்க்காதீர்கள்

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டால், அதில் மிக ஆபத்தான பொருளுக்கு என்ன விதியோ அதுவே மொத்தத் தொட்டிக்கும் விதியாகிவிடும். ஒரு மாட்டின் தண்டுவடம் விழுந்த தொட்டியில் இருக்கும் 50 கிலோ சாணமும் எரிக்கும் நிலையத்துக்கு, எரிக்கும் விலையில் போகும். தனித்தனியாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மலிவான வழி இருக்கிறது.

இரைப்பைக்குள் இருப்பது பாதி செரித்த தழை, அவ்வளவுதான். நோய் இல்லாத கால்நடையாக இருந்தால் பெரும்பாலான விதிகள் இதைச் சாணத்தோடு சேர்த்தே நடத்துகின்றன, சாணக்குவியலுக்குப் போய்விடலாம். அறுப்பதற்கு முன் 12 முதல் 24 மணி நேரம் தீவனத்தை நிறுத்தி தண்ணீர் மட்டும் கொடுத்தால் இதன் அளவும் குறையும், குடல் கிழிந்து கறியில் படும் வாய்ப்பும் குறையும்.

தோலை உடனே உப்புப் போட்டு வைத்தால் அது கழிவே இல்லை, வாங்க ஆள் இருந்தால் சரக்கு. உப்பில் கஞ்சத்தனம் கூடாது, தோல் எடையில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். சதைப்பக்கம் முழுக்கத் தேய்த்து, நீர் வடிய விட வேண்டும். வாங்க ஆள் இல்லாமல் உப்பு மட்டும் போட்டு வைப்பது உப்பையும் சேர்த்துக் கழிவாக்கும் வேலை. முதலில் ஆளைப் பிடியுங்கள்.

எலும்பைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அன்றே கறியை எலும்பிலிருந்து பிரித்தால், அந்த நாளின் கழிவில் இன்னும் நாலைந்து கிலோ கூடும். எலும்போடு துண்டு போட்டு வைத்தால் அது வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சமையல் கழிவாக வெளியே போகும், அதை யாரும் கேட்பதில்லை.

ரத்தம்தான் மிக மோசமாகக் கையாளப்படுவது. திரவம் என்பதால் எல்லோருக்கும் கை தானாகச் சாக்கடைப் பக்கம் போகிறது. வீட்டுக் கழிவுநீர் மக்கும்போது ஒரு லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் ஆக்சிஜன் இழுக்கிறது என்றால், ரத்தம் ஒரு லட்சத்துக்கும் மேலே இழுக்கும். செப்டிக் டேங்கில் விட்டால் அது திணறும், ஓடையில் விட்டால் மீன் சாகும், இரண்டையும் விட முக்கியமாக இது அநேகமாக எங்குமே குற்றம். வாளியில் பிடியுங்கள், கூடவே மரத்தூளைக் கொட்டிக் கெட்டியாக்குங்கள், பிறகு அதைத் திடக்கழிவாக நடத்துங்கள். தரையைக் கழுவுவதற்கு முன்னால் சுரண்டி அள்ளுங்கள். கழுவுகிற தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

சரி, இனி வழிகள்.

வழி 1: எடுத்துப் போகும் சேவை

கொழுப்பு உருக்கும் ஆலை, எரிக்கும் நிலையம், செத்த கால்நடைகளை எடுக்கும் வண்டி, பெயர் எதுவானாலும் உரிமம் உள்ள ஒருவர் உங்கள் கழிவைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுக்கிறார். சட்டத்தின் கண்ணில் இதுவே மிகச் சுத்தமான வழி. ஆலையில் கழிவைப் பொடியாக நறுக்கி அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள், ஐரோப்பிய அளவுகோலில் 133 டிகிரி செல்சியஸ், 3 பார் அழுத்தம், 20 நிமிடம். ஆபத்துப் பகுதிகள் 850 டிகிரிக்கு மேல் எரிக்கப்படுகின்றன. பிரியான் உள்ள பொருளுக்கு நம்பகமான முடிவு இந்தப் பாதையில்தான்.

மறைந்திருக்கும் செலவு, குறைந்தபட்சக் கட்டணம். இருபது கிலோவுக்கும் இருநூறு கிலோவுக்கும் வண்டி வரும் தூரம் ஒன்றுதானே. அதனால் ஒரே ஒரு ஆட்டுக்கு இது வலிக்கும், மாட்டுக்கு நியாயமாகத் தெரியும். அடுத்தது காத்திருப்பு: விடுமுறை, வார இறுதி என்றால் இரண்டு மூன்று நாள் உங்கள் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும், கசியாத, மூடி உள்ள, நாய் திறக்க முடியாத தொட்டியில். பிளாஸ்டிக் பை, கயிறு, கையுறை கலந்திருந்தால் சிலர் தொட்டியையே திருப்பி வைத்துவிடுவார்கள். இன்னொன்று, அந்த வண்டி உங்களிடம் வருவதற்கு முன்னால் பத்துப் பண்ணைகளில் செத்த கால்நடைகளை ஏற்றியிருக்கும். தொட்டியை வாசல் பக்கம், உங்கள் மற்ற கால்நடைகள் நிற்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், வண்டியை உள்ளே விடாதீர்கள்.

மாடு, வயதான ஆடு, புதைக்கத் தடை உள்ள நாடு, நிலமே இல்லாதவர், இவர்களுக்கு இதைவிட்டால் சுலபமான வழி இல்லை. அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் அறுப்பவர்கள் இருந்தால் ஒரே நாளில் வைத்து ஒரே வண்டிக்குச் சொல்ல முடியுமா என்று சேவைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். ஒருவருடைய கழிவை இன்னொருவர் இடத்துக்குக் கொண்டுபோக விதி இடம் கொடுக்காவிட்டாலும் வண்டி வரிசையாக வந்து போகலாம்.

வழி 2: மட்க வைப்பது

எனக்குப் பிடித்த வழி இது, ஆனால் இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு. சமையலறைக் கழிவு போடும் தோட்டத்து உரத்தொட்டியில் குடலைப் போட்டுவிட்டு "நாத்தம் தாங்கலை" என்று சொல்பவர்கள் மட்க வைக்கவே இல்லை, அழுக வைத்திருக்கிறார்கள்.

செய்முறை பெரிய ரகசியம் இல்லை. தண்ணீர் தேங்காத மேட்டில், கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளி, முதலில் கரடுமுரடான மரச்சில்லை 45 முதல் 60 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்ப வேண்டும். இந்த அடிப்படுக்கைதான் கசிவு நீரைக் குடிக்கிறது, கீழிருந்து காற்றையும் விடுகிறது. இதில் சிக்கனம் பார்த்தால் மொத்தமும் கெட்டுவிடும். அதன் நடுவில், ஓரத்திலிருந்து அரை மீட்டராவது உள்ளே தள்ளி, கழிவை மெல்லிய அடுக்காகப் பரப்பி, இடையிடையே சில்லும் தூளும் கலக்க வேண்டும். இரைப்பை முழுதாக இருந்தால் கத்தியால் குத்திவிடுங்கள், இல்லையென்றால் வாயு சேர்ந்து உப்பி வெடித்துக் குவியலைத் திறந்துவிடும். மேலே அதே சில்லால் 60 சென்டிமீட்டர் மூடாக்கு. வாசனையை வடிகட்டுவது இந்த மூடாக்குதான். நாயும் நரியும் தோண்டாமல் இருக்கச் சுற்றிலும் வலை அல்லது பலகை.

உள்ளே வெப்பம் 55 டிகிரியைத் தொட்டு, குறைந்தது மூன்று நாள் அங்கேயே நிற்க வேண்டும், அப்போதுதான் சால்மோனெல்லா, ஈ.கோலி போன்றவை சாகும். நீளக் கம்பி வைத்த வெப்பமானி ஒன்று வாங்கிக் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள், அதிகாரி வந்தால் காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான். ஈரம் பிழிந்த துணி அளவுக்கு இருந்தால் போதும். வெப்பம் ஏறவில்லையா? பெரும்பாலும் ஈரம் அதிகம், அல்லது குவியல் சின்னது.

இந்தச் சின்னது என்பதில்தான் மறைந்த செலவு. அடியில் அறுபது, மேலே அறுபது என்று வைத்தால் ஒரே ஒரு ஆட்டின் கழிவுக்கே ஒன்றரை முதல் இரண்டு கன மீட்டர் மரச்சில்லு கேட்கும். ஒரு முழு மாட்டுக்கு ஒன்பது கன மீட்டர் வரை சொல்வார்கள், கழிவு மட்டும் என்றால் அதில் பாதியாவது வேண்டும். மரம் வெட்டுபவர்கள் இலவசமாகக் கொட்டிவிட்டுப் போகும் இடத்தில் இருந்தால் செலவே இல்லை, விலைக்கு வாங்கினால் எடுத்துப் போகும் வண்டியே மலிவாகிவிடும். ஆனால் ஒருமுறை வாங்கிய சில்லு அடுத்த குவியலுக்கு அடிப்படுக்கையாக ஓரளவு திரும்ப உதவும், அதனால் வருடத்துக்கு நாலைந்து முறை அறுப்பவருக்குக் கணக்கு மாறும்.

மென்மையான கழிவு சில மாதங்களில் காணாமல் போகும். பெரிய எலும்பும் மண்டையோடும் ஆறு மாதம் கழித்தும் இருக்கும், எடுத்து அடுத்த குவியலில் போடுங்கள். கிடைக்கும் உரத்தை மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் போடலாம். கீரைக்கும் காய்கறிக்கும் வேண்டாம், மேயும் புல்லுக்கும் வேண்டாம். மாட்டின் மூளை, தண்டுவடம் இந்தக் குவியலுக்குள் வரவே கூடாது. காரணம் மேலே சொன்னதுதான்.

வழி 3: புதைப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவதால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறோம். மண்ணுக்கு அடியில் காற்று இல்லை, அதனால் மட்கும் வேகமும் இல்லை. ஈரமான களிமண்ணில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், அதிலிருந்து கசியும் நீர் மட்டும் கீழே போய்க்கொண்டிருக்கும். மணல் நிலத்தில் வேகமாகக் கரையும், அதே வேகத்தில் கிணற்றுக்கும் போகும்.

அனுமதி உள்ள இடங்களில் விதிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்: கழிவின் மேல் ஒரு மீட்டர் அளவுக்கு மண், குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே போதிய உயரம், கிணறு, ஓடை, வேலி, வீடு ஒவ்வொன்றிலிருந்தும் சொல்லப்பட்ட தூரம். தூரம் ஊருக்கு ஊர் மாறும், உள்ளூர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் பையோடு புதைக்காதீர்கள், பை இருக்கும் வரை உள்ளே எதுவும் மாறாது.

சுண்ணாம்பு பற்றி ஒரு வார்த்தை. "சுண்ணாம்பு போட்டால் சீக்கிரம் கரைஞ்சிடும்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பன்றி உடல்களை வைத்துச் செய்த சோதனைகளில் நடந்தது நேர்மாறு, சுண்ணாம்பு மட்குவதைத் தாமதப்படுத்தியது. சில விதிகள் வாசனைக்கும் ஈக்கும் சுண்ணாம்பு போடச் சொல்கின்றன, அப்படிச் சொன்னால் போடுங்கள். கரையும் என்று நம்பிப் போடாதீர்கள்.

செலவு? ஒரு ஆட்டுக்கு மண்வெட்டியோடு அரை நாள், அதுவும் மண் இளகியிருந்தால். மாட்டுக்கு இயந்திரம் வைத்துத்தான் வெட்ட வேண்டும், வாடகை மணிக்கணக்கு. பிறகு அந்த இடத்தில் மறுபடி தோண்ட முடியாது, ஒவ்வொரு வருடமும் புதிய இடம், எங்கே எங்கே புதைத்தோம் என்ற வரைபடம். மேலோட்டமாகப் புதைத்தால் இரவில் நாய் வெளியே இழுத்துப் போட்டு, காலையில் பக்கத்து வீட்டுக்காரர் புகைப்படத்தோடு வருவார்.

ஆழமான நீர்மட்டம், நிறைய இடம், பக்கத்தில் யாரும் இல்லை, எடுத்துப் போக வண்டி வராத தொலைவு, விதியும் அனுமதிக்கிறது, வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ சின்னக் கால்நடை. இத்தனையும் சேர்ந்தால் புதைப்பது நியாயம். ஒன்று குறைந்தாலும் நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன்.

வழி 4: குப்பை கொட்டும் தளத்துக்கு நேரே கொண்டுபோவது

வீட்டுக் குப்பைத்தொட்டி வேறு, இது வேறு. வீட்டுத் தொட்டியில் குடலைப் போடுவது பெரும்பாலான ஊர்களில் தடை, தடை இல்லாத ஊரிலும் வண்டி வரும் நாள் வரை அது அங்கே இருக்கப்போவதை நினைத்துப் பாருங்கள். ஆனால் சில தளங்கள் முன்பே சொல்லிவிட்டு வந்தால், இரட்டைப் பையில் கசியாமல் கட்டி வந்தால், எடைபோட்டு வாங்கிக்கொண்டு உடனே மூடிவிடும். கட்டணம் பொதுவாக எடுத்துப் போகும் சேவையைவிடக் குறைவு. வண்டியில் கசிந்தால் அது உங்கள் குற்றம், நாற்றமும் உங்களுக்கே. தளம் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்து அறுக்கும் நாளை வையுங்கள், சனிக்கிழமை மாலை அறுத்துவிட்டு திங்கள்வரை பையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு ஆடு, நிலம் இல்லை, தளம் பக்கத்தில், இந்தச் சேர்க்கைக்குச் சரியாகப் பொருந்தும்.

வழி 5: நாய்க்கும் பன்றிக்கும் போடுவது

செலவே இல்லாத வழி என்று தோன்றும், ஆனால் மிக விலை உயர்ந்தது இதுவாகத்தான் முடியும். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் இருக்கலாம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால் அதன் குடலில் ஹைடாடிட் நாடாப்புழு வளரும், அதன் மலத்தில் வரும் முட்டை உங்கள் குழந்தையின் கைக்கு வரும், பல வருடம் கழித்துக் குழந்தையின் ஈரலில் கட்டியாகத் தெரியும். நியூசிலாந்து இந்த நோயிலிருந்து விடுபட்டதாக 2002-இல் தற்காலிகமாக அறிவிக்க முடிந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, நாய்க்குப் பச்சைக் குடல், ஈரல் போடுவதைப் பல பத்தாண்டுகள் விடாமல் தடுத்தது. உங்கள் நாய்க்குக் கொடுத்தே தீருவது என்றால் நன்றாக வேகவைத்து, கட்டி இல்லாத பகுதியை மட்டும்.

பன்றிக்கு அதுவும் வேண்டாம். 2001-இல் பிரிட்டனில் கோமாரி வெடித்தது, ஒரு பண்ணையில் பன்றிகளுக்குச் சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைப் போட்டதிலிருந்து தொடங்கியதாகவே கருதப்படுகிறது, முடிவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் இதே வழியில் பரவும். பல நாடுகளில் இது முழுத் தடை, மற்ற இடங்களில் உரிமம் பெற்றுக் கொதிக்க வைத்துத்தான் போட முடியும். மாட்டுக் கழிவை எந்த வடிவிலும் மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடக்கூடாது, மேட் கவ் பரவியதே அந்த வழியாகத்தான்.

வழி 6: வீட்டில் அறுக்காமல் விடுவது

இதையும் ஒரு வழியாகவே எண்ணுங்கள். அறுவைக்கூடத்துக்குக் கொண்டுபோனால் கழிவு அவர்கள் பொறுப்பு, கால்நடை மருத்துவர் பார்வையும் கிடைக்கும். கூலி, வண்டி, தேதிக்குக் காத்திருப்பது, கால்நடைக்குப் பயண அலைச்சல், இவைதான் விலை. வீட்டுக்கே வந்து அறுப்பவரைக் கூப்பிட்டால் "கழிவை எடுத்துப் போவீர்களா, எங்கே கொண்டுபோவீர்கள்" என்று முதலிலேயே கேளுங்கள். எடுத்துப் போய் ஏதோ ஓடையில் கொட்டினால் பல இடங்களில் கேள்வி உங்களிடமும் வரும், ஏனென்றால் கழிவு உங்களுடையது. மாடு அறுப்பவர்களில் பாதிப்பேர் மொத்தக் கணக்கையும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் இந்த வழிக்குத்தான் வருவார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு பார்வையில்

| வழி | சட்டச் சிக்கல் | மாட்டின் மூளை, தண்டுவடம் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| எடுத்துப் போகும் சேவை | மிகக் குறைவு | ஏற்கும், தனியாகக் கொடுத்தால் | குறைந்தபட்சக் கட்டணம், காத்திருப்பு | மாடு, நிலமில்லாதவர் |
| மட்க வைப்பது | ஊருக்கு ஊர் மாறும் | கூடாது | மரச்சில்லு, இடம், கவனிப்பு | அடிக்கடி அறுப்பவர், சில்லு மலிவாகக் கிடைப்பவர் |
| புதைப்பது | பல நாடுகளில் தடை | கூடாது | குழி, நிலத்தின் எதிர்காலம் | தொலைவில், ஆழ நீர்மட்டம் |
| குப்பைத் தளம் | முன் அனுமதி வேண்டும் | அநேகமாக ஏற்காது | பயணம், நேரம் | ஒரே ஒரு ஆடு |
| விலங்குகளுக்குப் போடுவது | அதிகம் | கூடவே கூடாது | நோய் | பரிந்துரைக்க மாட்டேன் |
| அறுவைக்கூடம் | இல்லை | அவர்கள் பொறுப்பு | கூலி, தேதி | மாடு, முதல்முறை |

எரிப்பதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. திறந்த வெளியில் விறகு வைத்து எரித்தால் குடல் எரியாது, அதில் பெரும்பங்கு தண்ணீர். வெளியே கருகி, உள்ளே வெந்து, ஊரெல்லாம் புகை. பெரும்பாலும் சட்டவிரோதமும்கூட. சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்கள் இரைப்பைச் சாணத்தை அதில் தாராளமாகப் போடலாம். ரத்தமும் கொழுப்பும் மொத்தமாகப் போட்டால் கலன் கெட்டு எரிவாயு நின்றுவிடும், அவற்றுக்குத் தனி விதிகளும் உண்டு.

ஒரே வழியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இளம் ஆடு அறுப்பவர் தோலை உப்புப் போட்டு விற்று, இரைப்பைச் சாணத்தைச் சாணக்குவியலில் போட்டு, மரத்தூள் கலந்த ரத்தத்தையும் குடலையும் மட்க வைத்து, தலையை மட்டும் குப்பைத் தளத்துக்குக் கொண்டுபோகலாம். மாடு அறுப்பவர் ஆபத்துப் பகுதிகளைச் சின்னத் தொட்டியில் தனியாக அடைத்து அதற்கு மட்டும் எரிக்கும் விலை கொடுத்து, மிச்சத்தை மலிவான பாதையில் அனுப்பலாம். அவரவர் ஊர் விதி எதை எதை விடுகிறதோ அதைப் பொறுத்தது.

அலுவலகத்தில் என்ன கேட்பது

கால்நடைத் துறை, உள்ளாட்சி, சுற்றுச்சூழல் துறை, மூன்றில் ஒன்று மற்றொன்றைக் கைகாட்டும், பொறுமையாக இருங்கள். "கழிவை என்ன செய்வது" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கால்நடையின் இனம், வயது, எடை, அறுக்கும் இடம் சொல்லி, எந்தப் பகுதிகளைப் பிரிக்க வேண்டும், அவை எங்கே போக வேண்டும், மிச்சத்தை என் இடத்திலேயே மட்க வைக்கலாமா, புதைக்கலாமா, எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரத்துக்குள், என்ன பதிவேடு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் இன்னும் நல்லது, பதில் எழுத்தில் இருக்கும். ரசீது, வெப்பநிலைத் தாள், புதைத்த இடத்தின் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள், சில விதிகள் இரண்டு வருடம் வரை வைத்திருக்கச் சொல்கின்றன.

இவ்வளவு திட்டமிட்ட பிறகும் வயிற்றைத் திறந்ததும் திட்டம் மாறலாம். ஈரல் முழுக்க நீர்க்கட்டி, நுரையீரலில் சீழ், கறுத்துப் பெருத்த மண்ணீரல், இப்படி எதையாவது பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். கழுவாதீர்கள், நாயைக் கட்டுங்கள், அந்த உறுப்பைப் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்புங்கள். அவர் சொல்லும் வரை கறியும் கழிவும் ஒரே கணக்கில்தான் இருக்கும், இரண்டையும் மூடி வையுங்கள்.